ஆங்கிலச் சொற்களை எளிய விளக்கத்தோடும் வாக்கியத்தோடும் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிப்பது என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முறை ரொம்பச் சாதாரணமானது. ஒரு சொல்லைத் தமிழ்ப் பொருளோடு மட்டும் ஜோடி சேர்த்து மனப்பாடம் செய்யாமல், எளிய ஆங்கிலத்தில் ஒரு விளக்கம், அந்தச் சொல் இயல்பாக வரும் ஒரு வாக்கியம், இரண்டையும் சேர்த்துப் படிப்பது. வாசிக்க வசதியாக இங்கே ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். ஸ்பெல்லிங்கும் சேர்ந்ததுதான் சொல்லறிவு.

தமிழ் அர்த்தம் தெரிந்தால் போதாதா? எதற்கு ஆங்கிலத்திலேயே விளக்கம்?

நான் படித்த காலத்தில் என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். அதில் ஒரு வரி: 'ஓடர் – வாசனை'. சில வருடம் கழித்து, பூங்கொத்து அனுப்பிய ஒருவருக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் எழுதினேன். 'ஸ்மெல்' என்பது சின்னப்பிள்ளை எழுதியது போல இருக்கிறதே என்று நினைத்து, உங்கள் பூக்களின் 'ஓடர்' அறை முழுக்க நிறைந்திருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதில் நாகரிகமாகத்தான் வந்தது. ரொம்ப நாள் கழித்து, எளிய விளக்கம் தரும் ஓர் அகராதியில் அதே சொல்லைப் பார்த்தேன்: 'அ ஸ்மெல், எஸ்பெஷலி அன் அன்ப்ளெசன்ட் ஒன்'. அதாவது வாசனை, குறிப்பாக முகம் சுளிக்க வைக்கும் வாசனை. அந்த 'எஸ்பெஷலி'க்குப் பின்னால் வரும் மூன்று சொற்கள் என் நோட்டில் இல்லை.

தமிழிலேயே இதைப் பார்க்கலாம். பழந்தமிழில் 'நாற்றம்' நறுமணத்துக்கும் வழங்கிய சொல். அதை நம்பி இன்றைக்கு ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து 'என்ன நாற்றம்!' என்று பாராட்ட முடியுமா?

இதனால் தமிழ் அர்த்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் தொடும் பொருள்களுக்குத் தமிழ்ச் சொல் போதும். 'லேடர்' என்றால் ஏணி; அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கம் படிப்பது நேர விரயம். சிக்கல் வினைச்சொற்களிலும், குணத்தைக் குறிக்கும் சொற்களிலும், மனம் சம்பந்தப்பட்ட சொற்களிலும்தான். 'பார்' என்ற நம் ஒற்றைச் சொல் அங்கே 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' என்று மூன்றாகப் பிரிகிறது. தானாகக் கண்ணில் படுவது 'ஸீ'. வேண்டுமென்று கண்ணைத் திருப்புவது 'லுக்'. நகர்வதையோ மாறுவதையோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது 'வாட்ச்'. மூன்றுக்கும் எதிரே 'பார்' என்று எழுதினால் நோட்டு நிரம்பும், அவ்வளவுதான்.

'எளிய விளக்கம்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஏற்கெனவே தெரிந்த சொற்களால் தெரியாத சொல்லைச் சொல்வது. சுலபம் மாதிரி தெரியும், ஆனால் அகராதி எழுதுபவர்களுக்கு இது புரிய வெகுகாலம் ஆனது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் 'நெட்வொர்க்' என்ற சொல்லைத் தேடினால், விளக்கத்தில் 'ரெட்டிகுலேட்டட்', 'டெகஸ்ஸேட்டட்', 'இன்டர்ஸ்டிசஸ்' என்று மூன்று பூதங்கள் நிற்கும். வலை என்றால் என்ன என்று கேட்கப் போனவன் வலையிலேயே மாட்டிக்கொள்வான்.

இதை மாற்றிய முக்கியமான ஒருவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆங்கில ஆசிரியர். தாய்மொழி ஆங்கிலம் அல்லாத மாணவர்களோடு பழகியதால், அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1935-இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து கொண்டுவந்த அகராதி, வெறும் 1,490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னொரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. அந்தப் பாணியில் நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: 'இஃப் யூ ஹெசிடேட், யூ ஸ்டாப் ஃபார் அ மொமென்ட் பிகாஸ் யூ ஆர் நாட் ஷ்யூர்'. தயங்கினால், உறுதியில்லாததால் ஒரு கணம் நிற்கிறீர்கள். தயங்குவது மனிதர்தான் என்பதும், இந்தச் சொல்லை வினையாக எப்படிப் போடுவது என்பதும் அந்த ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது.

விளக்கத்தை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். பெரும்பாலான விளக்கங்களில் இரண்டு பகுதி இருக்கும். முதலில் இனம், பிறகு வேறுபாடு. 'விஸ்பர்' என்றால் 'பேசுவது' என்பது இனம்; 'மிக மெதுவாக, அடுத்தவர் காதில் விழாதபடி' என்பது வேறுபாடு. 'மட்டர்' என்பதற்கும் இனம் பேசுவதுதான். வேறுபாடு, வாய்க்குள்ளேயே, பெரும்பாலும் எரிச்சலில். இரண்டையும் 'முணுமுணு' என்று எழுதி வைத்தவருக்கு, கதையில் வரும் ஆள் ரகசியம் சொல்கிறானா, சலித்துக்கொள்கிறானா என்று தெரியாது. விளக்கத்தின் பின்பாதியைத்தான் அடிக்கோடிட வேண்டும்.

விளக்கத்திலேயே தெரியாத சொல் வந்தால்?

ஒன்று வந்தால் அதையும் பாருங்கள். இரண்டு மூன்று வந்தால் அகராதி உங்களுக்குப் பெரியது. அதை மூடிவிட்டு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய வேறொன்றை எடுங்கள். அட்டையில் 'லேர்னர்ஸ்' என்று இருக்கும். குழந்தைகள் அகராதி இதற்கு மாற்று ஆகாது. அது ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைகளுக்கு எழுதியது. உங்களுக்குத் தேவையான இலக்கணக் குறிப்புகள் அதில் பெரும்பாலும் இருக்காது.

நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். ஆங்கில விளக்கம் எனக்குச் சரிப்படுமா?

முதல் சில நூறு சொற்களுக்குச் சரிப்படாது. தமிழ் அர்த்தத்தோடேயே படியுங்கள், கூச்சப்படாமல். விளக்கத்தில் வரும் அடிப்படைச் சொற்கள் கைக்கு வந்த பிறகுதான் இந்த முறை ஓடும். அதுவரை வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் மூன்று சொல் வாக்கியம்கூடப் போதும்.

விளக்கம்தான் இருக்கிறதே, எடுத்துக்காட்டு வாக்கியம் எதற்கு?

விளக்கம் ஒரு சொல் என்ன என்று சொல்லும். யாரோடு பழகும் என்று சொல்லாது.

தமிழில் 'ஆழ்ந்த தூக்கம்' உண்டு, 'ஆழ்ந்த இரங்கல்' உண்டு; 'ஆழ்ந்த பசி' கிடையாது. 'பழுத்த அனுபவம்' உண்டு, 'பழுத்த சந்தோஷம்' கிடையாது. ஏன் என்று கேட்டால் நமக்கே பதில் தெரியாது. அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்தை அப்படிக் கேட்டு வளராதவர்களுக்கு அந்த வேலையை வாக்கியங்கள்தான் செய்ய வேண்டும்.

ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. முடிவை 'மேக்' செய்வார்கள், வீட்டுப்பாடத்தை 'டூ' செய்வார்கள். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், அவர்கள் 'டேக்' செய்கிறார்கள். நாம் கனவு காண்கிறோம், அவர்கள் 'ஹேவ்' செய்கிறார்கள். இதில் ஒன்றைக்கூட விளக்கத்திலிருந்து ஊகித்துவிட முடியாது.

இன்னும் நுணுக்கமான ஒன்று: 'காஸ்'. விளக்கத்தைப் பார்த்தால் 'ஒன்றை நிகழச் செய்வது', அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை. ஆனால் எந்த அகராதியிலும் அதன் எடுத்துக்காட்டுகளை வரிசையாகப் பாருங்கள்: விபத்து, சேதம், வலி, தாமதம், குழப்பம். மகிழ்ச்சியை யாராவது 'காஸ்' செய்கிறார்களா என்று தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதற்கு 'பிரிங்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். 'உங்கள் வருகை மகிழ்ச்சியைக் காஸ் செய்தது' என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் வந்தவர் ஏதோ தொற்றைக் கொண்டுவந்தது போல இருக்கும்.

எப்படிப்பட்ட வாக்கியத்தை எடுத்து எழுதுவது?

ஒரு சின்னச் சோதனை. வாக்கியத்தில் உள்ள புதுச் சொல்லை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மீதியை வைத்து அந்த இடத்தில் என்ன மாதிரியான சொல் வரும் என்று ஊகிக்க முடிந்தால் அது நல்ல வாக்கியம்.

'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஹி வாஸ் ரிலக்டன்ட்' என்ற வாக்கியத்தில் சொல்லை மறைத்தால் அந்த இடத்தில் பசியும் வரலாம், கோபமும் வரலாம், உயரமும் வரலாம். 'ஷி வாஸ் ரிலக்டன்ட் டு ஸெல் த ஹவுஸ் பிகாஸ் ஹர் மதர் பில்ட் இட்' என்றால்? அம்மா கட்டிய வீடு, அதனால் விற்க மனமில்லை. பொருள் தானாக வந்து விழுகிறது. கூடவே அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு' வரும், அதற்குப் பின்னால் வினை வரும் என்பதும் சேர்ந்து வருகிறது.

பத்து சொல்லுக்கு மேல், பதினைந்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு புதுச் சொல்தான். நீங்கள் வாசித்த இடத்திலேயே நல்ல வாக்கியம் இருந்தால் அகராதியைவிட அதுவே மேல். யார் சொன்னது, எந்தச் சூழலில் என்ற ஞாபகமும் ஒட்டிக்கொண்டு வரும்.

சொந்த வாக்கியம் எழுத வேண்டாமா?

எழுதுங்கள், ஆனால் முதல் நாளே வேண்டாம். சொல்லைப் பார்த்த உடனே சொந்த வாக்கியம் எழுதச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நேரத்தில் நாம் தமிழ் வாக்கியத்தைத்தான் ஆங்கிலத்தில் எழுதுவோம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று மனசுக்குள் ஓடும். கை 'டிஸ்கஸ்ட் அபவுட் இட்' என்று எழுதிவிடும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடக்கம், 'அபவுட்' கூடாது. தவறான வாக்கியத்தை நாமே எழுதி, நாமே பத்து முறை படித்தால் தவறுதான் பதியும்.

முதலில் நல்ல வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து அதில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள். வீட்டை விற்க மனமில்லை என்பதை, வேலையை விட மனமில்லை என்று ஆக்குங்கள். எலும்புக்கூடு அவர்களுடையது, சதை உங்களுடையது. அதுவும் பழகிய பிறகு முழு வாக்கியமும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அகராதியில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' அல்லது 'யு' என்று ஓர் எழுத்து இருக்கும். 'சி' எண்ண முடிவது, 'யு' எண்ண முடியாதது. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' எல்லாம் 'யு' சாதி. பின்னால் பன்மைக்கான 'எஸ்' ஒட்டாது. நமக்கு அறிவுரைகளும் தகவல்களும் உண்டு, அவர்களுக்குக் கிடையாது. அந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

தமிழில் தினமும் பேசும் ஆங்கிலச் சொற்கள் எனக்குத் தெரியுமே, அதையும் படிக்க வேண்டுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும். நாம் பேசும் ஆங்கிலச் சொற்களில் பல, தமிழுக்கு வந்து தமிழாகவே வாழ்கின்றன. பழைய வீட்டில் அவற்றுக்கு வேறு குணம்.

'எனக்கு ஒரு டவுட்' என்கிறோம். நம் மனதில் அதற்குப் பொருள், ஒன்று கேட்க வேண்டும் என்பது. ஆங்கிலத்தில் 'டவுட்' நம்பிக்கைக் குறைவு. ஒருவர் அரை மணி நேரம் விளக்கி முடித்ததும் 'ஐ ஹேவ் அ டவுட்' என்றால், நம் வழக்கம் அறியாதவர், தான் சொன்னதை நாம் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே தேவை 'க்வெஸ்சன்'.

'ரொம்ப ஃபீல் பண்ணினேன்' என்றால் நமக்கு வருத்தப்பட்டேன். ஆங்கிலத்தில் 'ஃபீல்' தனியாக நிற்காது. 'ஃபீல் பேட்', 'ஃபீல் டயர்டு', 'ஃபீல் குட்' என்று துணை வேண்டும். ஆறுதலாக 'டோன்ட் ஃபீல்' என்று சொன்னால் கேட்பவர் மீதி எங்கே என்று காத்திருப்பார்.

'மேரேஜுக்கு வந்திருந்தார்' என்கிறோம். சடங்கும் விருந்துமாக ஒரு நாளில் நடப்பது அவர்களுக்கு 'வெட்டிங்'. அதற்குப் பிறகு இரண்டு பேர் வாழும் வாழ்க்கை 'மேரேஜ்'. கல்யாணம் என்ற ஒரு சொல்லால் இரண்டையும் சொல்லிப் பழகியதால் வந்த வினை. 'எக்ஸ்பயர்' இன்னொன்று: உரிமமும் பாஸ்போர்ட்டும் மருந்தும் 'எக்ஸ்பயர்' ஆகும். மனிதர் இறப்பதைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் அது உண்டுதான், ஆனால் பழைய, மிகச் சம்பிரதாயமான வழக்கு.

தினமும் பேசும் இருபது ஆங்கிலச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அகராதியில் முதல் விளக்கத்தையும் முதல் வாக்கியத்தையும் மட்டும் பாருங்கள். ஒரு சாயங்கால வேலை.

ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருள் போட்டிருக்கிறார்கள். எல்லாம் படிக்கணுமா?

வேண்டாம். நீங்கள் சந்தித்த வாக்கியத்துக்குப் பொருந்தும் பொருளை மட்டும். மற்றவை நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் எத்தனை சொல் தெரிந்தால் போதும்? ஒரு நாளைக்கு எத்தனை?

1953-இல் அதே மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சாதாரண எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அவையும் அவற்றின் குடும்பமுமே நிரப்பிவிடும். கேட்க இனிக்கும். கணக்குப் போட்டால் கசக்கும்: 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் 60 சொல் தெரியாது. அகராதியைப் புரட்டியே களைத்துவிடுவோம். சொல்லறிவு ஆய்வில் பேர்பெற்ற பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்குப்படி, நாவலையும் செய்தித்தாளையும் உதவியில்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். அப்போது 98 சதவீதம் தெரிந்திருக்கும், அதே பக்கத்தில் தெரியாதவை 6 மட்டும். சொற்குடும்பம் என்பது 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்' எல்லாம் சேர்ந்து ஒன்று.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் 2,000-ஐ நோட்டுப் போட்டுப் படியுங்கள், அதற்கு மேல் பெரும்பகுதி வாசிப்பிலேயே வரும். நாளுக்கு 5 சொல் என்றால் ஒரு வருடத்தில் 1,800-க்கு மேல். ஒரே நாளில் 50 படித்துவிட்டு மறுநாள் நோட்டைத் தொடாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படித்தது மறந்துபோகிறதே?

மறக்கத்தான் செய்யும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அந்த வேகத்தை அளந்து 1885-இல் புத்தகமாகவே போட்டார். படித்த உடனே சரசரவென்று மறக்கிறது, பிறகு வேகம் குறைகிறது. அதனால் முதல் மறுபார்வை மறுநாளே வேண்டும். அடுத்தது மூன்று நான்கு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி நீளலாம். அட்டைகளைப் பெட்டியில் அறை அறையாகப் பிரித்து, சரியாகச் சொன்னதை அடுத்த அறைக்கும் தவறியதை முதல் அறைக்கும் நகர்த்தும் முறையை செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பினார். இன்றைய சொல்லட்டைச் செயலிகளில் பல இதே யோசனையில்தான் ஓடுகின்றன.

மறுபார்வை என்றால் திரும்ப வாசிப்பது அல்ல. அட்டையின் முன்பக்கம் வாக்கியம், சொல் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. பின்பக்கம் சொல்லும் விளக்கமும். முன்பக்கத்தைப் பார்த்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிய பிறகுதான் திருப்ப வேண்டும். சொல் நினைவுக்கு வராமல் தவிக்கும் அந்தச் சில நொடிகள் வீண் அல்ல.

ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்துப் படித்தால் வேகமாக வருமா?

ஒரே பொருள் தரும் சொற்களைச் செய்யுளில் தொகுத்த பழைய நூல் நிகண்டு; அதைப் படித்த மரபில் வந்த நமக்கு இந்த ஆசை இயல்பு. ஆனால் நிகண்டு, தமிழை ஏற்கெனவே பேசுகிறவர்களுக்கு எழுதியது. புது மொழியில் 'பாரோ' (கடன் வாங்குவது), 'லெண்ட்' (கடன் கொடுப்பது) இரண்டையும் ஒரே நாளில் படித்தால், எது வாங்குவது, எது கொடுப்பது என்று மாதக்கணக்கில் குழம்பும். நமக்குக் கடன் ஒன்றுதான், வாங்குவதும் கொடுப்பதும் பக்கத்தில் வரும் வினையின் வேலை. ஒன்றை வாக்கியத்தோடு நன்றாகப் பழகுங்கள். இரண்டு வாரம் கழித்து மற்றதைக் கூப்பிடுங்கள்.

உச்சரிப்பு?

இணைய அகராதிகளில் ஒலிக்குறி இருக்கும், தட்டிக் கேளுங்கள். தமிழ் எழுத்தில் எழுதி வைத்து உச்சரிப்பைப் பழகாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏற்கெனவே ஆயிரம் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைத் தூக்கிப் போடவா?

வேண்டாம். ஒரு பென்சிலோடு உட்காருங்கள். ஏணி, ஆணி வகைச் சொற்களுக்கு ஒரு டிக் போட்டுத் தாண்டுங்கள். கடந்த ஒரு மாதத்தில் எங்காவது கண்ணில் பட்ட சொல்லுக்கு மட்டும் வட்டம் போடுங்கள்; ஆயிரத்தில் நூறு தேறினால் அதிகம். அந்த நூறுக்கு மட்டும் விளக்கமும் வாக்கியமும் சேருங்கள். இடம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். என் நீள நோட்டு இன்னும் இருக்கிறது. 'வாசனை' என்ற சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் பச்சை மையில் ஒரு சாக்கடையைப் பற்றிய வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன்.